செம்மண் ரோட்டு 407: ஏர் இன்டேக் மாற்றம், அளவுகளோடு

வண்டி டாடா 407. 497 டர்போ எஞ்சின் (எக்ஸாஸ்ட் புகையில் சுழலும் விசிறி காற்றை அழுத்தி உள்ளே தள்ளும்), நாலு சிலிண்டர், 97 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 100 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), 2956 சிசி. டர்போ அழுத்திய காற்றை ஆற்றும் இன்டர்கூலர் கிடையாது, டீசல் பம்ப் மெக்கானிக்கல். ஆத்தங்குடியில் டைல்ஸ் ஏற்றி காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் இறக்குவதும், திரும்பும்போது இடித்த வீட்டு நிலை, கதவு, தூண் ஏற்றி வருவதும்தான் வேலை. ஓட்டத்தில் பாதி செம்மண் பாதை. லோடோடு ரெண்டாம் கியரில் எடுத்தால் கரும்புகை, மேம்பாலம் ஏறும்போது இழுவை போதவில்லை. இதுதான் குறை. எஞ்சினுக்குக் காற்று வரும் வழியை, அதாவது ஏர் இன்டேக்கை, மாற்றியது இதற்காக.

டீசல் எஞ்சினில் பவரைத் தீர்மானிப்பது பம்ப் தள்ளும் டீசல். காற்று கூடினால், எரியாமல் புகையாகப் போகிற டீசல் எரியும், அவ்வளவுதான். புகையே விடாத வண்டியில் இன்டேக்கை மாற்றினால் டர்போ சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கும்.

அறுக்கத் தொடங்கும் முன் சும்மா கிடக்கிற கோளாறுகளைத் தீர்த்துவிட வேண்டும். டர்போவுக்கும் மேனிஃபோல்டுக்கும் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் குழாய்) நடுவில் உள்ள ஹோஸில் வெடிப்பு, தளர்ந்த கிளாம்ப், டர்போ ஷாஃப்டில் ஆட்டம், எல்லாவற்றையும் பார்க்கணும். பம்ப்பில் பூஸ்ட் டயாஃப்ரம் (டர்போ அழுத்தத்துக்கு ஏற்ப டீசலைக் கூட்டும் சவ்வு) உள்ள மாடலானால் மேனிஃபோல்டிலிருந்து அதற்கு வரும் சின்ன ஹோஸையும் கழற்றிப் பாருங்கள். "வண்டி இழுக்கல" என்று பட்டறைக்கு வருகிற வண்டிகளில் இந்த ஹோஸ் கீறியிருப்பதும் உண்டு. இந்த வண்டியில் அதெல்லாம் சரியாக இருந்தது. சரியில்லாதது வேறு: ஃபில்டர் டப்பாவின் வாய்க்கு வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாயின் முன்பகுதி எப்போதோ கிழிந்து, யாரோ கழற்றிப் போட்டிருக்கிறார்கள். மிச்சமிருந்த குழாய் வழியாக டப்பா பானட்டுக்குள் சூட்டுக் காற்றையே இழுத்துக்கொண்டிருந்தது.

காற்று வரும் வழியில் எவ்வளவு தடை என்று அளக்கத் தண்ணீர்க் குழாய் போதும். 6 மி.மீ. ஒளி ஊடுருவும் டியூப்பை ஒரு பலகையில் 'யு' வடிவில், ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் உயரம் வருமாறு கட்டி, பாதி வரை தண்ணீர், கண்ணுக்குத் தெரிய ரெண்டு சொட்டு நீலம். ஒரு முனை காற்றில் திறந்திருக்கும். மறுமுனை டர்போவுக்கு ஒரு சாண் முன்னால், குழாயின் நேரான பகுதியில் வைத்த நிப்பிளுக்கு. நடுவில் ஒரு காலி பாட்டில் கட்டாயம்; இல்லையென்றால் ஒரு இழுப்பில் தண்ணீர் டர்போவுக்குள் போய்விடும். துளையின் உள்பக்கம் பிசிறு இருந்தால் ரீடிங் பொய் சொல்லும், அரத்தால் தேய்த்துவிடுங்கள். இரண்டு பக்க மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு, ஒரு பக்கம் இறங்கியது மட்டும் அல்ல. டப்பாவுக்கு முன்னால் இன்னொரு நிப்பிள் வைத்தால் குழாயில் எவ்வளவு, ஃபில்டரில் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம்.

ஃபுல் லோடு, ஃபுல் ஆக்ஸிலரேட்டர், 2800 ஆர்பிஎம்மை ஒட்டி அளந்தால்தான் அர்த்தம். நம் பக்கம் மலை ஏற்றம் கிடையாது, அதனால் டைல்ஸ் லோடோடு ரயில்வே மேம்பாலம் ஏறும்போது, மூணாம் கியரில், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து படித்தது. மொத்தம் 480 மி.மீ. தண்ணீர். அதில் 190 டப்பாவுக்கு முந்தைய பகுதி, 290 ஃபில்டர். டர்போ டீசலுக்குப் பொதுவாக 635 மி.மீ., அதாவது 25 இஞ்ச், வந்தால் ஃபில்டரை மாற்று என்பார்கள். ஆக, எல்லைக்குள்தான். புது பேப்பர் ஃபில்டர் போட்டதும் 290 என்பது 140 ஆனது. பாதி வேலை அங்கேயே முடிந்தது.

வெப்பத்துக்கு மல்டிமீட்டரோடு வரும் கே டைப் தெர்மோகப்பிளை டப்பாவின் வாயில் கட்டியது. சித்திரை மாத மதியம், நிழலில் 38 டிகிரி. ஓட்டத்தில் வாயில் 61. ரயில்வே கேட்டில் நின்றால் 70-ஐத் தாண்டியது.

குழாய் எவ்வளவு பெரிசு வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். 2956 சிசி எஞ்சின், 2800 ஆர்பிஎம், சிலிண்டர் நிரம்பும் அளவு 85 சதவீதம், டர்போ அழுத்த விகிதம் 1.7 என்று வைத்து, டர்போவில் காற்று சூடாகி விரிவதைக் கழித்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4800 லிட்டர் காற்று. வெளி விட்டம் 2 இஞ்ச், தடிமன் 1.5 மி.மீ. உள்ள குழாயில் இது நொடிக்கு 44 மீட்டர் வேகம். கூர்மையாக வெட்டி ஒட்டிய ஒவ்வொரு வளைவும் 110 மி.மீ. தண்ணீரைத் தின்னும். இரண்டரை இஞ்சில் 45 மி.மீ. 3 இஞ்சில் 20. 4 இஞ்ச் போட்டால் 7-க்கு வரும். ஆனால் மிச்சமாகும் 13 மி.மீ.க்காக பானட்டுக்குள் அந்தப் பீப்பாயை நுழைக்கப் படும் பாடு வீண். 3 இஞ்சோடு நிறுத்திக்கொண்டது அதனால்தான்.

வாங்கியது: எஸ்எஸ் 304 குழாய், 76 மி.மீ. வெளி விட்டம், 1.5 மி.மீ. தடிமன், மூன்று மீட்டர். அதே அளவில் நீண்ட ஆரமுள்ள பெண்டு மூன்று. இரும்புக் குழாய் மலிவு, ஆனால் உள்ளே துருப்பிடித்து செதில் உதிரும். ஃபில்டருக்கு முந்தைய பகுதியில் அது பரவாயில்லை, பிந்தைய பகுதியில் நேராக டர்போ விசிறிக்குப் போகும். பிவிசி வேண்டாம், எக்ஸாஸ்ட் பக்கச் சூட்டில் தொய்ந்துவிடும். ஒட்டியது ஆர்கான் வெல்டிங்கில், உள்ளேயும் ஆர்கான் விட்டு. சாதாரண ஆர்க் வெல்டிங்கில் உள்பக்கம் கசடு மணிகள் ஒட்டியிருக்கும். அதில் ஒன்று பெயர்ந்தாலும் டர்போ விசிறி போச்சு. எப்படி ஒட்டினாலும் உள்ளே வயர் பிரஷ் விட்டு, தண்ணீரில் கழுவி, துணியை இழுத்துப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும்.

வெளிக்காற்றை இழுக்கும் குழாயின் வாய் எங்கே இருக்கணும் என்பதில்தான் அதிக யோசனை. முன்பக்கம் கிரில்லுக்குப் பின்னால் வைத்தால் குளிர்ந்த காற்று கிடைக்கும், ஆனால் முன்னால் போகிற டிராக்டரின் புழுதி முழுதும் உள்ளே. சக்கர மட்டத்தில் வைத்தால் நம் வண்டியின் புழுதியே போதும். கேபினுக்குப் பின்னால், கூரை மட்டத்துக்கு மேலே, சைலன்சருக்கு எதிர்ப்பக்கம் ஏற்றியது. நுனியில் காளான் வடிவ மழை மூடி. அதற்குக் கீழே சுழல் வகை ப்ரீ கிளீனர்; கனமான மண் துகள் இதிலேயே சுழன்று விழுந்துவிடும்.

சேஸில் பிடித்த ஸ்நோர்கெல் (மேலே ஏற்றிய இந்தக் குழாய்) ஒரு பக்கம் ஆடும், எஞ்சின் வேறு பக்கம் ஆடும். நடுவில் வளையும் பெல்லோஸ் ஹோஸ் இல்லாமல் விறைப்பாக இணைத்தால் வெல்டிங் ஓரத்தில் கீறல் விடும். டர்போவின் இழுக்கும் பக்கத்துக்கு உள்ளே கம்பிச்சுருள் வைத்த ஹோஸ்தான் வேண்டும். சாதா ரப்பர் சூட்டில் இளகி, ஃபுல் த்ராட்டிலில் உள்ளே ஒட்டிக்கொள்ளும், வண்டி நின்றதும் பழையபடி விரிந்துவிடும். இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. குழாய் நுனியில் லேத்தில் ஒரு வரம்பு எடுத்து, டி போல்ட் கிளாம்ப் போட்டால் ஹோஸ் நழுவாது.

மாட்டிய பிறகு: குழாய்ப் பகுதி 190-லிருந்து 60. மொத்தம் 200. டப்பாவின் வாயில் வெப்பம் 42, கேட்டில் நின்றால் 45. 280 மி.மீ. குறைந்தது காற்றழுத்தத்தில் மூணு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதிலும் பாதிக்கு மேல் புது ஃபில்டரின் உபயம். 61 டிகிரி 42 ஆனதில் காற்றின் அடர்த்தி 6 சதவீதம் கூடியது. இன்டர்கூலர் இல்லாததால் இந்த வித்தியாசம் சிலிண்டர் வரை போகிறது: 60 டிகிரியில் உள்ளே போனால் டர்போவிலிருந்து வெளிவருவது ஏறத்தாழ 138, 35-ல் போனால் 107. பளபளக்கும் குழாயை விட, காற்றை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதுதான் வேலை செய்கிறது.

ஓட்டத்தில்: ரெண்டாம் கியர் புகை நன்றாகக் குறைந்தது. மேம்பாலத்தில் டர்போவுக்கு முந்தைய எக்ஸாஸ்ட் வெப்பம் 655-லிருந்து 610 டிகிரி. 700-க்கு மேல் நீடித்தால்தான் டர்போவுக்கும் பிஸ்டனுக்கும் ஆபத்து. டாப் ஸ்பீடு அப்படியே. இதைப் பார்த்துவிட்டு, டீசலைக் கூட்டப் பம்ப் ஸ்க்ரூவைத் திருப்பத் தோன்றும். திருப்பினால் புகை திரும்ப வரும்.

எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டரையும் போட்டுப் பார்த்தாயிற்று. 140 என்பது 90 ஆனது. ஆனால் டர்போ வாயில் வெள்ளைத் துணியால் துடைத்தால் சிவப்பு. நம் மண்ணில் ஒரு வசதி, கசிவு நிறத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். 50 மி.மீ.க்காக ரிங்கையும் லைனரையும் தேய்க்க முடியாது, திரும்பவும் பேப்பர். அதையும் தரையில் தட்டக்கூடாது; ஊதினால் உள்ளிருந்து வெளியே, 2 பாருக்குள். உள்ளே உள்ள சேஃப்டி ஃபில்டரை ஊதவே வேண்டாம், மாற்றுவதுதான்.

பிஎஸ்-6 வண்டிகளில் இதைச் செய்யாதீர்கள். ஏர்ஃப்ளோ சென்சார் குழாய் விட்டத்தை வைத்துத்தான் காற்றை அளக்கிறது; விட்டம் மாறினால், எக்ஸாஸ்டைத் திரும்ப உள்ளே விடும் இஜிஆரும் கரியைப் பிடிக்கும் டிபிஎஃபும் குழம்பும். பழைய வண்டியிலும், வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இருக்கிறது. எஃப்சிக்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது, பழைய குழாய்களையும் தூக்கிப் போட வேண்டாம்.

ஐப்பசி மழைக்கு முன் பார்க்க வேண்டியது டப்பாவின் அடியில் தொங்கும் ரப்பர் வால்வு. வாய் ஒட்டிக்கொண்டால் மண்ணும் தண்ணீரும் உள்ளேயே தங்கும், பேப்பர் ஊறிவிடும். விரலால் நசுக்கி விட்டாலே திறக்கும். கிழிந்திருந்தால் அன்றைக்கே மாற்றணும், அந்த வழியாகப் புழுதி நேராக ஃபில்டருக்கு ஏறும். கண்மாய்க் கலுங்கு பாய்கிற ரோட்டில் ஸ்நோர்கெல்லை நம்பி இறங்குவதாக இருந்தால், தண்ணீர் மட்டம் இந்த டப்பாவுக்குக் கீழே இருக்கணும். கூரை உயரத்து வாயால் டப்பாவின் மூடி ஓரக் கசிவை அடைக்க முடியாது.