கொழுந்து விலையும் தூக்கமும்

ஜூன் 9, 2025, திங்கள்

சீசன் முடிந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் கார்கள் மலையை விட்டு இறங்கிவிட்டன. கோத்தகிரி மார்க்கெட்டில் ஸ்கூட்டி நிறுத்த இடம் கிடைக்கிறது. நான் லைஃப் கோச்; வாழ்க்கையில் அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கத் துணை நிற்கிறவள். எனக்குத்தான் இப்போது சீசன். ஐ.டி. கம்பெனிகளில் ஆட்குறைப்பு என்று பேப்பரில் வரும்போதெல்லாம் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் புதிதாக யாராவது கூப்பிடுகிறார்கள். எல்லாம் வீடியோ காலில்தான்.

லைஃப் கோச் என்று போர்டு மாட்ட நம் நாட்டில் எந்த உரிமமும் வேண்டாம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேலும் மனநலம் படித்திருக்க வேண்டும். கோச்சுக்கு அப்படி எதுவும் கிடையாது. 1995-இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு சான்று தருகிறது. முதல் படிக்கே 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும் கேட்கிறார்கள். ஆனால் அது கட்டாயமில்லை. இரண்டு நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்து "உங்கள் வாழ்க்கையை மாற்றுகிறேன்" என்று ரீல்ஸ் போடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அதனால் முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம்: நான் டாக்டர் இல்லை, நோயைக் கண்டுபிடிப்பது என் வேலை இல்லை. "சரி மேடம்" என்பார்கள். அடுத்த மூச்சிலேயே, "எனக்கு இருக்கறது டிப்ரஷனா மேடம்?"

ஜூன் 21, சனி

இங்கே நான் குறிப்பிடுகிற ஆட்களின் ஊர், வயது, வேலை எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

வேலை போன ஒருவர். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, ஒரு நூலகத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறார். மனைவி கட்டித் தந்த சாப்பாட்டைப் பிரிக்கும்போதுதான் உடைந்துபோகிறாராம்.

கோச்சிங்கில் 'க்ரோ' என்று ஒரு முறை உண்டு. இலக்கு என்ன, இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, எதைச் செய்யப் போகிறாய் என்று நாலு படி. ஜான் விட்மோர் என்ற பிரிட்டிஷ்காரரால் உலகம் பூராவும் பரவியது. நல்ல முறைதான். ஆனால் பலரும் முதல் படியிலேயே நின்று, "அஞ்சு வருஷத்துல உங்களை எங்க பார்க்கிறீங்க?" என்று கேட்பார்கள். அடுத்த மாத இ.எம்.ஐ. எப்படிக் கட்டுவது என்று தெரியாதவரிடம் கேட்கிற கேள்வியா அது?

நாங்கள் இரண்டாவது படியிலேயே ஒரு மணி நேரம் இருந்தோம். கையில் எவ்வளவு இருக்கிறது, எந்தக் கடனைத் தள்ளிப்போட முடியும், எதைத் தள்ளவே முடியாது, பி.எஃப். கணக்கில் என்ன இருக்கிறது. தவணை தவறிய பிறகு பேங்க்காரன் கூப்பிடுவதற்கும், தவறுவதற்கு முன்பே நாமே போய்ப் பேசுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. கடைசியில் ஒரே ஒரு வேலையைத்தான் எடுத்துக்கொண்டார்: நாளை ஞாயிற்றுக்கிழமை, மனைவியிடம் சொல்லிவிடுவது. கனவு, தன்னம்பிக்கை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 8, செவ்வாய்

தென்மேற்குப் பருவம் கூடலூரையும் அவலாஞ்சியையும் புரட்டி எடுக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. எங்கள் பக்கம் இந்த மாதங்களில் காற்றும் பனிமூட்டமும்தான். துணி காயாது, வெயில் வராது, எல்லாரும் சீக்கிரமே கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

பக்கத்துத் தோட்டத்து மாமா இரண்டு வாரமாக வெளியே வரவில்லை. (அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேரைப் போடாத, மத்ததெல்லாம் எழுது" என்றார்.) ஒன்றரை ஏக்கர் தேயிலை. கொழுந்து விலை ஏறவில்லை, பறிக்கிற கூலி ஏறிவிட்டது, உரம் ஏறிவிட்டது. பறித்து ஏஜென்ட்டிடம் போட்டால் கூலிக்கே சரியாகப் போகிறது. பறிக்காமல் விட்டால் செடி முற்றிவிடும்.

அத்தை வந்து சொன்னார்: "நெஞ்சுல பாரம்ங்கறார், ஈ.சி.ஜி. எடுத்தாச்சு, ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. ராத்திரி மூணு மணிக்கு எழுந்து திண்ணையில போய் உக்காந்துக்கறார். சோறு இறங்க மாட்டேங்குது. நீதான் இந்த மாதிரி ஆளுங்ககிட்டப் பேசறியே கண்ணு."

எங்கள் ஊரில் 'எனக்கு மனசு சரியில்லை' என்று சொல்லிக்கொண்டு யாரும் வர மாட்டார்கள். நெஞ்சுப் பாரம், தலை கிறுகிறுப்பு, வாயு, முதுகு வலி. உடம்பு வழியாகத்தான் சொல்வார்கள்.

ஜூலை 10, வியாழன்

மாமாவோடு ஒரு மணி நேரம் இருந்தேன். பாதி நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க பி.எச்.க்யூ-9 என்று ஒன்பது கேள்விகள் உண்டு. போன இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா, தூக்கம் எப்படி, பசி எப்படி, நம்மால் எதற்கும் பிரயோசனமில்லை என்று தோன்றியதா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10-ஐத் தொட்டாலே டாக்டரைப் பார்ப்பது நல்லது. அதை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. யாரை அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். தாளைக் காட்டாமல் பேச்சுவாக்கிலேயே கேட்டேன். 10-ஐ எப்போதோ தாண்டிவிட்டார்.

ஒன்பதாவது கேள்வியைச் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"மாமா, செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "தோணும். அப்புறம் போயிடும்."

"எப்படின்னு ஏதாவது யோசிச்சு வச்சிருக்கீங்களா?"

"அவ்வளவு தூரம் போகல கண்ணு."

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. ஒருவர் வாய்விட்டுக் கேட்டதே அவர்களுக்குப் பெரிய இறக்கிவைப்பு. கேட்டு முடித்ததும் மாமா இரண்டு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

இது கோச்சிங் இல்லை. இங்கே இலக்கும் நாலு படியும் பேசிக்கொண்டிருந்தால் அது குற்றம். அத்தையிடம் தனியாகச் சொன்னேன்: டாக்டரைப் பார்க்கும்வரை அவரைத் தனியாக விட வேண்டாம், தோட்டத்துப் பூச்சிமருந்து டப்பாக்கள் எல்லாம் இன்றைக்கே என் வீட்டு ஷெட்டுக்கு வரட்டும், சாவி என்னிடம் இருக்கட்டும். கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவினர் இதைப் பெரிய அளவிலேயே செய்து பார்த்தார்கள். ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடம், விவசாயிகளுக்குப் பூட்டுப் போட்ட பெட்டகங்கள், மருந்து வீட்டுக்குள் இருக்காது. செத்துவிட வேண்டும் என்கிற வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான் இருக்கும்; அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் ஆள் பிழைத்துக்கொள்வார்.

திருப்பூரில் இருக்கும் மகனுக்கும் போன் போட்டாயிற்று. அத்தை கோவிலில் மந்திரித்துக் கயிறு கட்ட வேண்டும் என்றார். கட்டட்டும். கயிறும் இருக்கட்டும், டாக்டரும் இருக்கட்டும்.

ஜூலை 14, திங்கள்

மனநல டாக்டரைப் பார்க்கக் காலை பஸ்ஸில் மூன்று பேரும் ஊட்டி போனோம். கட்டபெட்டு தாண்டும்வரை மாமா வாயே திறக்கவில்லை. அப்புறம், "யாராவது கேட்டா சக்கரைக்கு டெஸ்ட்டுன்னு சொல்லிடு" என்றார். சரி என்றேன். அந்த வெட்கத்தை உடைக்க இன்றைக்கு நேரமில்லை.

டாக்டர் நிதானமானவர். முதலில் தைராய்டுக்கும் ரத்தச் சோகைக்கும் டெஸ்ட் எழுதினார். அவையும் இதே மாதிரி சோர்வைக் கொடுக்குமாம். மாத்திரை எழுதிக்கொடுத்து மெதுவாக விளக்கினார். உடனே கேட்காது, இரண்டு மூன்று வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலாம். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது.

மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். இது தெரியாமலேயே மூடிக்கொண்டு கிடக்கிற வீடுகள் எங்கள் பக்கம் எத்தனையோ. மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருப்பதும், தாலுகா ஆஸ்பத்திரியிலேயே விசாரிக்கலாம் என்பதும் யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டியதாக இருக்கிறது.

திரும்பும்போது மாமா வர்க்கி வாங்கினார். பேரனுக்காம்.

ஜூலை 30, புதன்

குமட்டல் இருந்தது, இப்போது இல்லை. "அடிமையாக்கிடும்பா, நிறுத்திடு" என்று மகனிடம் யாரோ சொல்லி, அவன் அப்பாவிடம் சொல்லி, ஒரே களேபரம். இந்த வகை மாத்திரை குடி மாதிரி அடிமைப்படுத்துவதில்லை, ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும், தூக்கம் கெடும், அதனால்தான் டாக்டர் சொல்லிக் குறைக்க வேண்டும். நானே சொன்னால் எடுபடாது என்று டாக்டரிடமே போனில் கேட்கச் சொன்னேன். கேட்டான். அடங்கினான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இப்போதுதான் எனக்கு வேலை. மாமா மூன்று மணிக்கு எழுவது நின்று ஐந்து மணி ஆகியிருக்கிறது. ஆனால் எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பப் படுத்துவிடுகிறார்.

'மனசு வந்ததும் செய்வேன்' என்று காத்திருந்தால் இந்த நோயில் மனசு வரவே வராது. செய்யத் தொடங்கினால்தான் பின்னால் வரும். சிகிச்சையிலேயே இதற்கு ஒரு முறை இருக்கிறது. சின்னச் சின்ன வேலைகளை நேரம் குறித்து வைத்துக்கொள்வது, செய்தபின் மனசு எப்படி இருந்தது என்று பக்கத்தில் எழுதுவது. மாமா எழுத மாட்டார். அதனால் சொல்கிறார், நான் எழுதுகிறேன். முதல் வேலை, பழையபடி காலையில் டீக்கடைக்குப் போய் பேப்பர் படிப்பது. முதல் நாள் தலைப்பு மட்டும் பார்த்துவிட்டு ஓடி வந்துவிட்டார். இப்போது விளையாட்டுப் பக்கம் வரைக்கும் போய்விடுகிறார். அடுத்து, கவாத்துக்கு விட்ட மேல்பாத்தியில் தினமும் ஒரு வரிசைச் செடியை வெட்டிவிடுவது.

ஒன்று எனக்கு உறுத்துகிறது. மாமாவின் சிக்கலில் பாதி, கொழுந்து விலை. 2023-இல் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு இந்தப் பக்கத்துச் சிறு விவசாயிகள் நாள்கணக்கில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மாமாவும் பந்தலில் உட்கார்ந்தவர். எந்த மாத்திரையும் விலையை ஏற்றாது. எங்கள் தொழிலில் சிலர் பேசுவதைக் கேட்டால் எல்லாமே நம் மனநிலைதான், கண்ணோட்டத்தை மாற்றினால் போதும் என்று தோன்றும். விளைந்ததற்கு விலை கிடைக்காதவனிடம் போய் "நேர்மறையா யோசிங்க" என்பது, அவன் நஷ்டத்தை அவன் தலையிலேயே திருப்பிக் கட்டுகிற வேலை. மாமா தெளிந்தால், அடுத்த தடவை பந்தலில் உட்காரத் தெம்பு இருக்கும். நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

செப்டம்பர் 10, புதன்

தற்கொலைத் தடுப்பு நாள். ஒரு பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளைவிட ஆசிரியர்கள்தான் அதிகம் கேட்டார்கள். "முயற்சி பண்ணினா போலீஸ் கேஸ் ஆகுமே?" என்றார் ஒருவர். 2017-இல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், முயற்சி செய்தவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்கிறது. தண்டிப்பதற்குப் பதில், சிகிச்சை கொடுக்க வேண்டிய பொறுப்பு அரசுக்கு. இந்த ஒரு பயத்தாலேயே ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மறைக்கிற வீடுகள் உண்டு.

கரும்பலகையில் 14416 என்று பெரிதாக எழுதிவிட்டு வந்தேன். அரசின் மனநல உதவி எண், டெலி-மானஸ் என்று பெயர், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. ராத்திரி பகல் எப்போதும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

அக்டோபர் 23, வியாழன்

தீபாவளியும் மழையும் சேர்ந்து வந்தன. எங்களுக்கு வடகிழக்குதான் மழை. கரண்ட் போய்ப் போய் வருகிறது, நெட் இல்லை, அழைப்புகள் எல்லாம் தள்ளிப்போயின. ஒரு பெண் மட்டும் சாதாரண போனில் பேசினாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் இது ஓய்வு. நாள் முழுக்க அடுத்தவர் துயரத்தைக் கேட்டுவிட்டு அதோடு தூங்கப் போக முடியாது. மாதம் ஒரு தடவை என்னைவிட அனுபவமுள்ள ஆலோசகர் ஒருவரிடம் நானும் காசு கொடுத்துப் பேசுகிறேன். கேட்கிற எல்லாரும் சிரிக்கிறார்கள்.

நவம்பர் 17, திங்கள்

நூலகத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு வேலை கிடைத்திருக்கிறது, பழைய சம்பளத்தில் முக்கால்வாசிதான். மனைவி அன்றைக்கே, "டிபன் பாக்ஸ்ல சோறு அப்படியே திரும்பி வந்தப்பவே தெரியும்" என்றாளாம்.

மாமா தூங்குகிறார். மாத்திரை தொடர்கிறது, தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பஸ் செலவைச் சொல்லி ஒவ்வொரு முறையும் முனகுகிறார். விலை ஏறவில்லை. கீழ்ப்பாத்தியில் கேரட் போடலாமா என்று யோசிக்கிறார், காட்டுமாடு விடுமா தெரியவில்லை.

சாயங்காலம் லாரி ஓட்டுகிற ஒரு அண்ணன் வந்து வாசல் கேட்டைத் தாண்டி உள்ளே வராமலே நின்றார். "அவருதான் சொல்லி அனுப்பிச்சார். ஊட்டிக்கு எந்த பஸ், எந்த ரூம்னு கேட்டுக்கச் சொன்னார்."

"வந்து உக்காருங்கண்ணா."

"இல்ல, கேட்டுட்டுப் போயிடறேன்."

தாளில் எழுதிக் கொடுத்தேன். ஆதார் கார்டையும் பழைய சீட்டுகளையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் கிளம்பாமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தனியாகப் போக ஒரு மாதிரி இருக்கிறது என்றார்.

"மாமாவுக்கு வர்ற திங்கள் ரிவ்யூ இருக்கு. அவர்கூடப் போங்களேன்."

"அவரு ஒத்துக்குவாரா?"

"பஸ் டிக்கெட்டை நீங்க எடுத்தா ஒத்துக்குவார்."