முதியோர் பராமரிப்பாளர் தேர்வு: என்ன கேட்பார்கள், எப்படித் தயாராவது?

முதியோர் பராமரிப்புப் பயிற்சியை முடித்து வெளியே வந்தவர்களிடம் அடுத்த பேட்ச்காரர்கள் முதலில் கேட்பது, "எக்ஸாம்ல என்ன கேட்பாங்க?" என்பதுதான். என்னிடமும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவைத்துவிடுகிறேன்.

தியரி, வைவா, பிராக்டிகல் என்று மூன்று பகுதிகள். எங்கள் மையத்தில் தியரியை டேப்லெட்டில் வைத்தார்கள். கேள்வியைப் படித்து நான்கு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும். வைவாவில் தேர்வாளர் எதிரே உட்கார்ந்து கேட்பார். பிராக்டிகலில் கட்டில், பொம்மை, வீல்சேர் எல்லாம் இருக்கும். பகுதி மூன்றானாலும் தேர்வாளர் பார்ப்பது ஒன்றைத்தான்: பராமரிப்பாளரின் வேலை எதுவரை, எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு நர்ஸையோ டாக்டரையோ குடும்பத்தையோ கூப்பிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிகிறதா? இதை மனதில் வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தால் பாதிப் பாரம் குறையும்.

எலும்பு, நரம்பு, இதயம் என்று வரும் முதல் பாடங்களைப் பார்த்து மிரள வேண்டாம். அதில் கேட்பது குறைவு. சில எண்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பெரியவர்களுக்கு ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20. சோப்பு போட்டுக் கை கழுவ 40 முதல் 60 நொடி, சானிடைசர் என்றால் 20 முதல் 30 நொடி. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. ஆஸ்பத்திரிக் கழிவைப் போடும் பை, டப்பாக்களின் நிறம்: ரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள், கையுறையும் யூரின் பேக்கும் சிவப்பு, ஊசி வெள்ளை, கண்ணாடி நீலம். இவ்வளவு போதும், அடுத்ததுக்குப் போகலாம்.

மதிப்பெண் போவது சூழ்நிலைக் கேள்விகளில்தான். ஒரு மாதிரி: பாட்டி காலை பிரஷர் மாத்திரை வேண்டாம் என்கிறார். என்ன செய்வீர்கள்? இட்லிக்குள் மறைத்து ஊட்டுவது, அதட்டிக் கொடுப்பது, விட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது, காரணம் கேட்டுச் சற்று நேரம் கழித்து மறுபடி சொல்லிப் பார்த்து, அப்போதும் மறுத்தால் குறித்துவைத்துத் தகவல் சொல்வது. இப்படி வரிசையாகப் போட்டால் கடைசி விடை சரி என்று யாருக்கும் தெரியும். ஆனால் தேர்வில் வரிசை மாறும், சொற்களும் மாறும். வீட்டில் பாட்டிக்கு நாமே மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துப் பழகியிருப்போம், கை தானாக அங்கே போகும். சில மாத்திரைகள் மெதுவாகக் கரைவதற்கென்றே செய்யப்பட்டவை, அவற்றைப் பொடிக்கக் கூடாது. அதோடு வேண்டாம் என்று சொல்ல அந்தப் பாட்டிக்கு உரிமை இருக்கிறது. காரணம் கேட்டால், "இப்பத்தானே என் மக குடுத்துட்டுப் போனா" என்றுகூடப் பதில் வரலாம். கேட்காமல் கொடுத்திருந்தால் ஒரே மாத்திரை இரண்டு முறை போயிருக்கும்.

சரியான நபர், சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி என்ற ஐந்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்த மருந்தை நினைவூட்டலாம், எடுத்துக் கையில் கொடுக்கலாம். அளவைக் கூட்டுவது, குறைப்பது, பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரையைச் சிபாரிசு செய்வது மூன்றும் கூடாது. வைவாவில் இதையே திருப்பிப் போட்டு, "வீட்டுக்காரர் இன்சுலின் ஊசி போடச் சொல்றார், என்ன பண்ணுவீங்க?" என்பார்கள். எங்கள் பாடத்திட்டப்படி ஊசி போடுவதும், கதீட்டர் என்ற சிறுநீர்க் குழாய் ஏற்றுவதும், மூக்குக் குழாய் செருகுவதும் நம் வேலை இல்லை. அதைத் தயங்காமல் சொல்லுங்கள். "கத்துக்கிட்டுப் போடுவேன் சார்" என்று ஆர்வம் காட்டினால் மதிப்பெண் குறையும்.

வைவாவுக்கு நான் மிக முக்கியமாகச் சொல்வது பக்கவாதம். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை விழுந்துவிடுவது, பேச்சு குழறுவது, உடனே 108. இதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அடுத்த கேள்வியில்தான் தடுமாற்றம்: "காலை 6 மணிக்கு எழுப்பும்போதே கை விழுந்திருந்தது. எத்தனை மணிக்கு வந்ததுன்னு டாக்டர் கேட்டா என்ன சொல்வீங்க?" 6 மணி என்று சொல்லிவிடக் கூடாது. அவர் கடைசியாக நன்றாக இருந்ததை நாம் பார்த்த நேரத்தைச் சொல்ல வேண்டும். இரவு 10 மணிக்குப் பேசிக்கொண்டே படுத்தார் என்றால் 10 மணி. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால் டாக்டருக்கு அந்த நேரம் அவ்வளவு முக்கியம். ஆம்புலன்ஸ் வரும்வரை வாயில் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது.

தாழ்சர்க்கரையும் நிச்சயம் வரும். நினைவோடு விழுங்கக்கூடியவர் என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் கூடாது, 108-தான். திடீர்க் குழப்பம் இன்னொன்று. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று மகனையே யார் என்று கேட்டால், "வயசாயிடுச்சு, மறதி" என்று விட்டுவிடக் கூடாது. மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல வருவது. ஓரிரு நாளில் வந்த குழப்பத்துக்குப் பின்னால் சிறுநீர்த் தொற்றோ, உடலில் நீர் வற்றியதோ, புது மாத்திரையோ இருக்கலாம். அன்றே சொல்ல வேண்டிய தகவல் அது.

சட்டத்திலிருந்து ஓரிரண்டு கேள்விகள் வரும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வந்தது 2007-இல். பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டு மனுக் கொடுக்கத் தீர்ப்பாயம் உண்டு. தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் அதற்குத் தலைவர். முதியோரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதியோர் உதவி எண் 14567. விளக்கம் சொல்ல முடியாத காயம், மகன் அறைக்குள் வந்ததும் தாத்தா பேச்சை நிறுத்துவது போன்றவற்றைக் கண்டால் மேற்பார்வையாளரிடம் சொல்வதும் நம் பொறுப்புகளில் ஒன்று.

இனி பிராக்டிகல். பொம்மைதானே என்று பேசாமல் வேலை செய்பவர்கள் நிறைய. தேர்வாளர் அதைத்தான் முதலில் கவனிக்கிறார். "ஐயா, இப்ப உங்களை நாற்காலியில உட்கார வைக்கப் போறேன், சரிங்களா?" என்று பொம்மையிடம் கேளுங்கள். கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. பக்கவாதத்தில் இடது பக்கம் செயலிழந்தவர் என்றால் வீல்சேரை வலது பக்கம், கட்டிலை ஒட்டிச் சாய்வாகப் போடுங்கள். இரண்டு பிரேக்கையும் போட்டு, கால் வைக்கும் தட்டை மடக்குங்கள். எழுப்பி உட்கார வைத்ததும் தலை சுற்றுகிறதா என்று கேட்டுச் சற்றுப் பொறுங்கள். விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். உங்கள் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி நில்லுங்கள். எங்கள் பேட்சில் ஒருவர் இதையெல்லாம் அழகாகச் செய்துவிட்டு ஒரு பக்கப் பிரேக்கை மட்டும் விட்டுவிட்டார். வீல்சேர் ஒரு சாண் நகர்ந்தது. தேர்வாளர் எதுவும் பேசவில்லை, பேப்பரில் எழுதிக்கொண்டார்.

உடம்பு துடைத்துவிடும்போது கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும், பெண்களுக்குக் கீழே முன்னிருந்து பின்னாக. துடைக்கும் பகுதியைத் தவிர மற்றதைப் போர்வையால் மூடியே வைத்திருங்கள், திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். யூரின் பேக் எப்போதும் மூத்திரப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. படுக்கையோடு இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். இடுப்பின் பின்புறம், குதிகால், முழங்கை எல்லாம் பார்க்க வேண்டும். அழுத்தினாலும் மறையாத சிவப்பு இருந்தால் அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். எண்ணெய் தேய்த்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம் என்பதால் இந்தக் கேள்வியில் பலர் விழுகிறார்கள்.

உடை மாற்றுவதற்கும் வரிசை உண்டு: போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். இதை நான் புத்தகத்தைவிட முதியோர் இல்லத்தில் நடந்த களப்பயிற்சியில்தான் கற்றேன். பக்கவாதத்தில் இடது கை விழுந்த தாத்தா ஒருவர் அங்கே இருந்தார். சட்டையின் இடது கையை மட்டும் நான் ஏற்றிவிடுவேன். மற்றதை அவரே இழுத்து, ஒற்றைக் கையால் பட்டன் போடுவார். மேல் பட்டன் துளைக்குள் போகாமல் நழுவிக்கொண்டே இருக்கும், நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி பிடிப்பார். ஒருநாள் நான் கையை நீட்டப் போக, பின்னால் நின்ற சிஸ்டர் மெதுவாகச் சொன்னார்: "பட்டனை விட்டுடும்மா. போட்டு முடிச்சதும் காலரை மட்டும் சரி பண்ணு." அவரால் முடிகிறதை அவரே செய்யட்டும் என்பது இந்தப் பாடத்திட்டம் முழுக்க வருகிறது. ஸ்பூன் பிடிக்க முடிந்தவருக்கு ஊட்டிவிடுவது அன்பாகத் தோன்றும், தேர்வில் அது தவறான விடை. நாளடைவில் அந்தக் கை ஸ்பூனையே மறந்துவிடும் என்பதால் வீட்டிலும் அது தவறுதான்.

பதிவேடு எழுதச் சொல்வார்கள். "நன்றாகச் சாப்பிட்டார், நார்மலாக இருந்தார்" என்று எழுதாதீர்கள். "காலை 8.15: இரண்டு இட்லி, அரை டம்ளர் பால். 9.00: சிறுநீர் 250 மி.லி., அடர் மஞ்சள். 9.10: மகளுக்குப் போனில் தகவல்" என்று பார்த்ததை, அளந்ததை, சொன்னதை எழுதுங்கள். நோய்க்குப் பெயர் வைப்பது டாக்டர் வேலை. வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பதிவேடுதான் பாதுகாப்பு. "அப்படியே பாத்திரமும் தேய்ச்சிடும்மா" என்று ஆரம்பிக்கும் வீடுகள் உண்டு. முதியவரின் துணி, அவர் தட்டு, அவர் படுக்கை நம் பொறுப்பு. மற்றதை வேலைக்குச் சேரும் அன்றே பேசி எழுதிக்கொள்வது நல்லது.

தயாராவதற்கு ஒரு யோசனை: தோழிகளோடு மாறி மாறி நோயாளியாகப் படுங்கள். படுத்தபடி ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்த்தால் ஏன் நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்ட வேண்டும், சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் ஏன் படுக்கவிடக் கூடாது என்பது புரிந்துவிடும். தேர்வன்று நகத்தை வெட்டி, வளையல் மோதிரத்தைக் கழற்றி, முடியைக் கட்டி, மூடிய செருப்போடு போங்கள். அடையாள அட்டையின் அசலை எடுத்துக்கொள்ளுங்கள். கைக்கடிகாரத்தில் நொடி முள் இருக்கட்டும். நாடி எண்ணும்போது எங்களைச் செல்போன் எடுக்க விடவில்லை.