சென்னை – பலாலி: 355 கிலோமீற்றருக்கு ஏன் இவ்வளவு நேரம்?

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்து விமான நிலையம் இருக்கிற பலாலிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். இரண்டு இடமும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கிறபடியால், வரைபடத்தில் நேரே தெற்கே கோடு இழுத்தால் எங்கட ஊர் வந்துவிடும். "அரை மணி நேரத்துல போயிடலாமே, டிக்கெட்ல ஏன் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல போட்டிருக்கு?" என்று வளசரவாக்கத்தில் எங்கள் வீட்டுக்காரம்மா கேட்டார். நியாயமான கேள்வி.

இணையத்தில் தூரக் கணக்குப் போட்டுத் தருகிற தளங்கள் பெரும்பாலும் பெரிய ஜெட்டின் வேகத்தை, மணிக்கு 800 கிலோமீற்றர் போல, எடுத்துக்கொண்டு வகுக்கும். பலாலிக்கு வாறது ஏடிஆர் 72. இரண்டு பக்கமும் விசிறி சுழலும் சின்ன விமானம், அதன் ஓட்டமே மணிக்கு 500 அளவில்தான். அதோடு, ரிக்கற்றில் போடுகிற நேரம் பறக்கிற நேரம் மட்டுமல்ல. நின்ற இடத்தை விட்டு அசைவதில் தொடங்கி, போய் நிற்பது வரைக்கும் உள்ள நேரம். மீனம்பாக்கத்தில் ஓடுபாதைக்கு வரிசையில் காத்து நிற்பதும் அதற்குள் அடக்கம்.

சென்னை – கொழும்பு ஏறத்தாழ 650 கிலோமீற்றர். ஜெட்டில் அதற்கும் கிட்டத்தட்ட இதே நேரம்தான்! ஆனால் கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்காவில் இறங்கினால், யாழ்ப்பாணத்துக்கு இன்னும் 350 கிலோமீற்றருக்கு மேல் வடக்கே திரும்பி வரவேண்டும். இரவு பஸ்ஸில் முழங்கால் நீட்ட இடமில்லாமல் புத்தளம், வவுனியா என்று வந்து, விடியத்தான் வீட்டு வாசல். முழங்கால் வருத்தம் உள்ள அம்மாவை அப்படிக் கூட்டிக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் பலாலியின் அருமை தெரியும்.

இது புதுப் பாதையும் இல்லை. 1947 டிசம்பர் 10ஆம் திகதி இலங்கையின் எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (பலாலி) வழியாக மதராசுக்குத்தான் போனது. பிறகு யுத்தம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, அடுத்த மாதமே இந்தியாவின் அலையன்ஸ் எயார் விமானம் சென்னையிலிருந்து வந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பவும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இன்டிகோவும், 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் சேவை. திருச்சி – பலாலி 185 கிலோமீற்றர் அளவுதான். தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் சென்னைக்கு அலையத் தேவையில்லை.

போகிறவர்களுக்கு ஒன்று: ஏடிஆரில் ஏறுகிற கதவு வால் பக்கம். நடக்கக் கஷ்டப்படுகிறவர்களுக்குப் பின் வரிசை இருக்கை கேளுங்கள், ஏறவும் இறங்கவும் சுகம். இறக்கை உடலுக்கு மேலே இருக்கிறபடியால், ஜன்னலால் கீழே மறைப்பில்லாமல் தெரியும். கடல் முடிந்து பனங்கூடல், பிறகு பலாலிச் செம்மண் தோட்டங்கள் பாத்தி பாத்தியாக வரும். அம்மா அந்த நேரம் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கமாட்டா.

2019இல் திறந்தபோது பாவனையில் இருந்த ஓடுபாதை 1,400 மீற்றர்தான், பெரிய ஜெட் இறங்க அது காணாது. அதை நீட்டவேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுகிறேன். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து வாற எங்கட சனம் நேரே ஊரில் வந்து இறங்கவேண்டும்.