மூளை உறை தடிச்சிருக்கு, சரி, ஏன் தடிச்சது?

தலைவலி எனக்குப் புதிதில்லை. ஆனால் போன வருஷம் வந்தது வேறு ரகம். வலது காதுக்குப் பின்னால் தொடங்கும், விடியற்காலையில் தூக்கத்தைக் கலைத்துவிடும். சைனஸ் என்றார்கள், கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள். ஒரு கிளினிக்கில் கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வலி போன இடம் தெரியவில்லை. மாத்திரை தீர்ந்ததும் திரும்பி வந்தது, கூடவே இரட்டைப் பார்வையும். தூரத்தில் வரும் ஒரே பஸ் பக்கத்தில் பக்கத்தில் இரண்டாக வந்தது. வலப்பக்கம் பார்த்தால் இடைவெளி இன்னும் கூடும். ஒரு கண்ணைப் பொத்தினால் ஒரே பஸ்.

சாதா எம்ஆர்ஐயில் குறிப்பாக ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. நரம்பியல் டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு சிடியைப் போட்டுப் பார்த்தார். "மருந்து ஏத்தி இன்னொரு தடவை எடுக்கணும்மா" என்றார். காடோலினியம் என்ற மருந்து அது, படத்தில் தடிப்பைப் பளிச்சென்று காட்டும். முதலில் கிரியாட்டினின் பார்த்து, சிறுநீரகம் தாங்கும் என்று தெரிந்த பிறகுதான் ஏற்றினார்கள். இந்தத் தடவை படத்தில் எனக்கே தெரிந்தது. டூரா என்கிற வெளியுறை சாதாரணமாக அங்கங்கே விட்டுவிட்டு மெல்லிய இழையாகத்தான் தெரியுமாம். எனக்கு வலப்பக்கம், பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவில் இருக்கும் மடிப்பு முழுக்க வெள்ளையாகத் தடித்து நின்றது. கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பு போகிற வழியிலும் அதே தடிப்பு. பஸ் இரண்டாகத் தெரிந்ததற்குக் காரணம் அதுதான்.

ரிப்போர்ட்டின் கடைசியில் நோய்ப் பெயர்கள் வரிசையாக இருந்தன: காசநோய், ஐஜிஜி4 நோய் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உறுப்புகளைத் தடிக்க வைப்பது), ரத்தக்குழாய் அழற்சி, சார்காய்டோசிஸ் என்ற இன்னொரு அழற்சி நோய், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், வேறெங்கோ இருந்து பரவிய புற்றுநோய். வாசலில் உட்கார்ந்து போனில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தோம். அந்த அரை மணி நேரத்தை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். தடிப்பு என்பது அறிகுறிதான், அதற்குக் காரணம் எது என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலை என்று யாராவது அங்கேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டாக்டர் நிறைய கேட்டார். படுத்தால் வலி குறைகிறதா, எழுந்தால் கூடுகிறதா? முதுகுத்தண்டு நீர் எங்காவது கசிந்து மண்டைக்குள் அழுத்தம் இறங்கினாலும் உறை தடித்துத் தெரியுமாம், அதற்கான கேள்வி. மூக்கில் ரத்தம், காதில் சீழ்? அது ரத்தக்குழாய் அழற்சிக்கு. வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா? மூட்டு வலி உண்டா? தாடைக்கு அடியிலும் கழுத்திலும் கட்டி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். எனக்கு எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றே பதில்.

பிறகு முதுகில் நீர் எடுத்தார்கள். ஊசி குத்தினாலே சில நாளைக்கு உறை வெள்ளையாகத் தெரியக்கூடும் என்பதால், மருந்து ஏற்றிய ஸ்கேனை முதலில் முடித்துவிட்டு அப்புறம்தான் இதைச் செய்வார்களாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்துச் சுருட்டச் சொன்னார்கள். மரத்துப்போகப் போடும் ஊசிதான் வலித்தது, பெரிய ஊசி தெரியவில்லை. சின்னச் சின்னக் குப்பிகளில் சொட்டுச் சொட்டாக, குடிதண்ணீர் மாதிரித் தெளிவாக இறங்கியது. புரதம் கூடுதல், லிம்போசைட் என்ற வெள்ளை அணு கொஞ்சம், சர்க்கரை சரி. ஜீன்எக்ஸ்பர்ட் என்ற டிபி மரபணுப் பரிசோதனையில் டிபி இல்லை. அதை வைத்து டிபியே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவு வர ஆறு வாரம் வரை ஆகும் என்றார்கள். ரத்தத்தில் ஆன்கா (ரத்தக்குழாய் அழற்சிக்கு), விடிஆர்எல் (சிபிலிஸுக்கு) எல்லாம் நெகட்டிவ். ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவும் வரம்புக்குள்தான்.

என் வீட்டுக்காரர் பொறுமை இழந்தது இந்த இடத்தில்தான். "அன்னைக்கு அந்த மாத்திரையில நல்லாத்தானே இருந்தா? அதையே குடுத்துடலாமே டாக்டர்?"

"குறையும் சார். டிபியா இருந்தாலும் கொஞ்ச நாளைக்குக் குறையும், லிம்போமாவா இருந்தாலும் குறையும். அப்புறம் சதை எடுத்துப் பார்த்தா எதுவும் பிடிபடாது. பார்வை மங்கினா மட்டும் உடனே வாங்க, அப்போ காத்திருக்க மாட்டோம்."

இந்தப் பதிவை எழுதுவதே இந்தப் பதிலுக்காகத்தான். வலியோடு இருக்கிறவளுக்கு, கையில் மருந்து இருந்தும் தராத டாக்டர் மேல் கோபம் வராமல் இருக்காது. எனக்கும் வந்தது. இப்போது யோசித்தால், அந்த வாரங்களில் எனக்கு நடந்த நல்ல வைத்தியமே அதுதான்.

பெட் ஸ்கேன் எடுத்தது, சுலபமாகச் சதை எடுக்க உடம்பில் வேறு இடம் கிடைக்குமா என்று தேடத்தான். நுரையீரலிலோ நெறிக்கட்டிலோ ஏதாவது இருந்தால் மண்டையைத் திறக்க வேண்டியதில்லை. எனக்குக் கிடைக்கவில்லை. காதுக்குப் பின்னால் சின்னதாக எலும்பைத் திறந்து, உறையில் ஒரு துண்டு எடுத்தார்கள். முந்தின நாளே அறுவை சிகிச்சை டாக்டர் நர்ஸிடம் இரண்டு டப்பா தயாராக வைக்கச் சொன்னது காதில் விழுந்தது: ஒன்றில் ஃபார்மலின், இன்னொன்றில் சலைன். ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் வளராது. இதே பரிசோதனைக்குப் போகிறவர்கள், கல்ச்சருக்குத் தனியாக அனுப்புகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மறுபடி எடுக்கக்கூடிய இடமில்லை அது.

முதல் பேத்தாலஜி ரிப்போர்ட்டில் "நாள்பட்ட அழற்சி" என்று மட்டும் இருந்தது. இவ்வளவுக்கும் அப்புறம் இதுவா என்று ஆகிவிட்டது. டாக்டர் அசரவில்லை. மெழுகுக் கட்டியை, பிளாக் என்கிறார்கள், இன்னொரு ஆய்வகத்துக்கு அனுப்பி ஐஜிஜி4 சாயம் போட்டுப் பார்க்கச் சொன்னார். அங்கே பிடிபட்டது. நார்கள் கோரைப்பாய் முடைந்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாக, நடுவில் எதிர்ப்புப் புரதம் தயாரிக்கும் பிளாஸ்மா செல்கள். ஐஜிஜி சாயம் ஏறிய செல்களில் 40 சதவீதத்துக்கும் மேல் ஐஜிஜி4 வகை. கிரானுலோமா (டிபியிலும் சார்காய்டோசிஸிலும் வரும் செல் திரள்) இல்லை, டிபி கிருமி இல்லை, புற்றுநோய் இல்லை. ஆக, ஐஜிஜி4 நோய்தான். ரத்தத்தில் அளவு சரியாக இருந்ததே என்று கேட்டேன். மூளை உறையோடு நின்றுவிடும் நோயில் அப்படி இருப்பது சகஜமாம்.

சர்க்கரை, ஹெபடைடிஸ் பி பார்த்துவிட்டு, தினம் 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். டிபி கல்ச்சரும் பிறகு நெகட்டிவ் என்றே வந்தது. தலைவலி சீக்கிரம் விட்டது. இரட்டைப் பார்வை மெதுவாகத்தான் சரியாகிறது, வலக்கோடிக்குப் பார்த்தால் இன்னும் லேசாகப் பிரிகிறது. முகம் உப்பிப்போய் அடையாளமே மாறிவிட்டது, சாந்தரம் ஆனால் பசி கொல்கிறது. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். குறைக்கும்போது திரும்பி வந்தால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்து போடலாம் என்றிருக்கிறார்கள். அடுத்த எம்ஆர்ஐயும் மருந்து ஏற்றித்தான்.