சைப்ரஸ் பேச்சுகளில் முதல் முட்டுக்கட்டை

சைப்ரஸ் தீவின் அமைதிப் பேச்சுகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். நிலம், சொத்து, அந்நியப் படைகள் என்று பேச வேண்டியவை குவிந்து கிடக்க, மேசையின் இருபுறமும் அமர்பவர்கள் எந்தத் தகுதியில் அமர்கிறார்கள் என்ற கேள்வியே ஒவ்வொரு முறையும் முன்னால் வந்து நிற்கிறது. கிரேக்க சைப்ரியர் வாழும் தெற்கிலிருந்து வருபவர் உலகம் ஏற்றுக்கொண்ட சைப்ரஸ் குடியரசின் அதிபர். துருக்கிய சைப்ரியர் வாழும் வடக்கிலிருந்து வருபவர் துருக்கியைத் தவிர வேறெந்த நாடும் ஏற்காத ஓர் அரசின் தலைவர். ஐநா இருவரையும் தத்தம் சமூகத்தின் தலைவர்களாகவே பேச்சுக்கு அழைக்கிறது.

இதன் வேர், தீவு பிளவுண்ட 1974க்கும் முந்தையது. 1960இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றபோது, துணை அதிபர் பதவியும், வெளியுறவு, தற்காப்பு போன்றவற்றில் மறுப்பதிகாரமும், அரசுப் பணிகளில் 30 விழுக்காடும் துருக்கிய சைப்ரியருக்கு அரசமைப்பிலேயே உறுதி செய்யப்பட்டிருந்தன. 1963 டிசம்பரில் வன்முறை வெடித்த பிறகு அவர்கள் அரசாங்கத்தில் இல்லாமற்போயினர். தாமாக விலகினார்களா, விரட்டப்பட்டார்களா என்பதில் இன்றுவரை வழக்குத் தீரவில்லை. அந்நிலையில், அமைதிப்படையை அனுப்புவதற்காக 1964 மார்ச் 4 அன்று ஐநா பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றிய 186ஆம் தீர்மானம், கிரேக்க சைப்ரியர் கையில் இருந்த நிர்வாகத்தையே சைப்ரஸ் அரசாங்கமாகக் கொண்டது. அவசரத்தில் எடுத்த அந்த முடிவுதான் இன்றைய சிக்கலின் ஆணிவேர் என்பது என் கருத்து. பின்னர் 1974 ஜூலையில் ஏதென்ஸ் ராணுவ ஆட்சி தூண்டிய ஆட்சிக் கவிழ்ப்பும், ஐந்தே நாளில் துருக்கியின் படையெடுப்பும் நிகழ்ந்து, தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பகுதி வடக்கின் வசமாயிற்று. 1983 நவம்பர் 15 அன்று வடக்கு தனிநாட்டு அறிவிப்பு செய்தது. மூன்றாம் நாளே 541ஆம் தீர்மானம் அது சட்டப்படி செல்லாது என்றது.

அங்கீகாரமின்மை சாதாரண மக்களின் அன்றாடத்தில் எப்படி இறங்குகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். வடக்கின் எர்ஜான் விமான நிலையத்துக்கு எந்த நாட்டிலிருந்து புறப்பட்டாலும் துருக்கி வழியாகத்தான் செல்ல முடியும். அங்கு அனுப்பும் கடிதத்தில் துருக்கித் துறைமுக நகரான மெர்சினின் பெயரைச் சேர்த்து எழுத வேண்டும். அவர்கள் விளைவிக்கும் பழங்களுக்கு வடக்கு அதிகாரிகள் தரும் சான்றிதழ்களை ஏற்கலாகாது என்று 1994இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லாவற்றையும்விட மனத்தை உறுத்துவது 2004 ஏப்ரல் 24 பொதுவாக்கெடுப்பு. அன்றைய ஐநா தலைமைச் செயலாளர் கோஃபி அன்னானின் மறுஇணைப்புத் திட்டத்துக்கு வடக்கில் ஏறக்குறைய 65 விழுக்காட்டினர் ஆதரவாக வாக்களித்தனர். தெற்கில் ஏறக்குறைய 76 விழுக்காட்டினர் மறுத்தனர். ஒரே வாரத்தில் மறுத்த தரப்பின் அரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. ஒப்புக்கொண்டவர்கள் இருந்த இடத்திலேயே நின்றனர்.

ஆயினும் கிரேக்க சைப்ரியரின் அச்சத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. 1974இல் அவர்களில் 150,000க்கும் மேற்பட்டோர் வீடு இழந்தனர். வடக்கை அரசாக ஏற்பது, ஆயுதத்தால் வரைந்த கோட்டுக்குத் தம் கையாலேயே முத்திரை குத்துவதாகும் என்று அவர்கள் கருதுவதில் நியாயம் இருக்கிறது.

யாழ்ப்பாண வேர் கொண்ட குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் சிங்கப்பூரில் இதைப் பேசத் தொடங்கினால் பேச்சு இலங்கைக்குப் போகாமல் இருக்காது. 2003 ஏப்ரலில் நன்கொடை நாடுகளின் முன்னோடிக் கூட்டம் வாஷிங்டனில் நடந்தபோது, அமெரிக்கத் தடையால் விடுதலைப் புலிகளால் அதில் கலந்துகொள்ள முடியவில்லை. அதே மாதம் அவர்கள் பேச்சிலிருந்து விலகினர். விலகலுக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், கூட்டம் எங்கே கூடுகிறது என்பதே ஒரு தரப்பின் தகுதியைத் தீர்மானித்துவிடும் என்பது அன்று தெரிந்தது.

சைப்ரஸிலேயே இக்கேள்வியைத் தீர்க்காமல் நடந்த காரியங்கள் உண்டு. 1970களின் பிற்பகுதியில் பிளவுண்ட தலைநகர் நிக்கோசியாவின் இரு பாதிகளிலும் நகரத் தலைவர்களாக இருந்த லெல்லோஸ் டெமட்ரியாடிசும் முஸ்தஃபா அகிஞ்சியும் கழிவுநீர்த் திட்டம் ஒன்றில் உடன்பட்டனர். இரு பக்கத்துக் கழிவுநீரும் வடக்கிலுள்ள ஒரே நிலையத்தில் சுத்திகரிக்கப்படுகிறது. காணாமற்போன 2,002 பேரைத் தேடும் குழுவில் இரு சமூகத்து ஆய்வாளர்களும் சேர்ந்தே எலும்புகளைத் தோண்டி எடுத்து, மரபணுச் சோதனையால் அடையாளம் கண்டு, குடும்பங்களிடம் ஒப்படைக்கிறார்கள். இத்தகைய பணிகளுக்குச் செய்தித்தாள்களில் இடம் குறைவாகவே கிடைப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

2021இல் ஜெனீவாவில் வடக்கின் அன்றைய தலைவர் எர்சின் தத்தார், சம இறையாண்மையையும் சமமான பன்னாட்டுத் தகுதியையும் முதலில் ஏற்றால்தான் முறையான பேச்சு என்றார். பேச்சு தொடங்கவே இல்லை. 2025 அக்டோபர் தேர்தலில் அவரைத் தோற்கடித்த துஃபான் எர்ஹுர்மன் கூட்டாட்சித் தீர்வை ஆதரிப்பவர். அவர் முன்வைக்கும் கோரிக்கைகளில் ஒன்று, தெற்கு மீண்டும் பேச்சை முறித்தால் துருக்கிய சைப்ரியர் பழைய நிலைக்கே தள்ளப்படக் கூடாது என்பது. 2004க்குப் பிறகு இதைக் கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. நேரடி விமானமும் நேரடி வணிகமும் அங்கீகாரத்துக்கு ஈடாகிவிடும் என்ற தெற்கின் மறுப்பு எனக்கு ஏற்புடையதாக இல்லை. சிங்கப்பூர் தைவானை நாடாக அங்கீகரிக்கவில்லை. இருந்தும் சாங்கியிலிருந்து தைப்பேக்கு நாள்தோறும் விமானங்கள் பறக்கின்றன. 2013 நவம்பரில் தைவானுடன், அதைத் தனிச் சுங்கப் பகுதி என்ற தகுதியில் வைத்தே, சிங்கப்பூர் வணிக ஒப்பந்தமும் செய்துகொண்டது. எர்ஜானுக்கும் வடக்கிலுள்ள ஃபமகுஸ்தா துறைமுகத்துக்கும் அப்படியொரு ஏற்பாட்டை, அங்கீகாரமாகக் கொள்ளப்படாது என்ற வாசகத்துடன், அடுத்த சுற்றுப் பேச்சு தொடங்குமுன்பே ஐநா எழுத்தில் பெற முயல வேண்டும்.