பசையில்லாத சீட்

போன மாதம் ஜமாபந்தி, அதாவது வருஷாந்திரக் கிராமக் கணக்குத் தணிக்கை, முடிந்த கையோடு பழைய ஆபீஸ் தம்பி ஒருவர் போன் செய்தார். குரலைக் கேட்டால் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைக்கும்படி இருந்தது. "சார், என்னை டி.எம். சீட்ல தூக்கிப் போட்டுட்டாங்க சார்" என்றார். டி.எம். என்றால் பேரிடர் மேலாண்மை. கலெக்டர் ஆபீஸில் அதற்கென்று இருக்கும் தனி வட்டாட்சியர் நாற்காலி. நான் வாழ்த்துச் சொன்னேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல, கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

அவர் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. வருவாய்த்துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். எங்கள் பாஷையில் சீட் இரண்டே வகைதான், பசை உள்ளது, பசை இல்லாதது. டி.எம். சீட்டில் பட்டா கிடையாது, சான்றிதழ் கிடையாது, மனுவோடு யாரும் வந்து வாசலில் நிற்கமாட்டார்கள், பொங்கலுக்கு ஒரு டைரிகூட வராது. ஒன்பது மாதம் ஈ ஓட்டலாம். மிச்ச மூன்று மாதம் தூக்கம் இல்லை. ஏதாவது தப்பாகப் போனால் முதல் மெமோ அந்த நாற்காலிக்குத்தான். அதனால் அங்கே யார் வருவார்கள்? ரிட்டயர்மெண்டுக்கு எட்டு மாதம் இருப்பவர், மேலே யாரிடமோ முறைத்துக்கொண்டவர், உடம்பு சரியில்லாமல் லைட் சீட் கேட்டவர். இவர்களும் இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது கூடுதல் பொறுப்பு. நில எடுப்பு வேலையில் கழுத்துவரை மூழ்கியிருக்கும் ஒருவர் தலையில் இதையும் சேர்த்து ஏற்றிவிடுவார்கள். காகிதத்தில் காலியிடம் இல்லை, சரி. நாற்காலியில் ஆளும் இல்லை.

சட்டத்தைப் படித்தால் எல்லாம் ரொம்ப அழகாக இருக்கும். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு ஆணையம், தலைவரைத் தவிர ஏழு பேருக்கு மிகாமல். கலெக்டர் தலைவர், உள்ளாட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இணைத்தலைவர், கூடுதல் கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத ஒருவர் தலைமைச் செயல் அலுவலர், நம் ஊர்க் கணக்கில் டி.ஆர்.ஓ. என்கிற மாவட்ட வருவாய் அலுவலர் மட்டம். 2025 திருத்தத்தில் மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி இருக்கும் ஊர்களுக்கும் தனியாக நகர்ப்புற ஆணையம் வைக்கலாம் என்று வந்துவிட்டது, அதற்கு மாநகராட்சி ஆணையர் தலைவர், கலெக்டர் துணைத்தலைவர். நாற்காலிகளைச் சட்டம் நன்றாகவே வரிசைப்படுத்திவிட்டது. வந்து உட்காருகிறவர் எத்தனை மழையைப் பார்த்தவராக இருக்க வேண்டும், எத்தனை மழைவரை இருக்க வேண்டும் என்பதைத்தான் காணோம். அப்புறம், கலெக்டர் தலைவராக இல்லாத கமிட்டி மாவட்டத்தில் ஏதாவது உண்டா? அவர் காலையில் குறைதீர் கூட்டம், மதியம் வங்கியாளர் கூட்டம், சாயங்காலம் அமைச்சர் வருகை என்று ஓடிக்கொண்டிருப்பார். கீழே உட்கார்ந்து நிஜமாக வேலை பார்ப்பது அந்தத் தனி வட்டாட்சியர், இரண்டு உதவியாளர், ஒரு கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஆபரேட்டர் தற்காலிகம்.

நான் துணை வட்டாட்சியராக இருந்த ஒரு கடலோர மாவட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன், ஊர்ப்பெயர் வேண்டாம். அந்த வருஷம் டி.எம். சீட்டில் இருந்தவர் நல்ல மனிதர், மூன்று வருஷம் அதே நாற்காலியில் உட்கார்ந்து எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த ஊரில் யாரிடம் மரம் அறுக்கும் மிஷின் இருக்கிறது, எந்த ஜேசிபிக்காரர் ராத்திரியில் கூப்பிட்டாலும் எடுப்பார் என்பதையெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தவர். செப்டம்பர் கடைசியில் வந்த பொது மாறுதலில் அவரையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது. சீட் கூடுதல் பொறுப்புக்குப் போனது. பொறுப்பு ஒப்படைத்த பட்டியலில் பீரோ ஒன்று, ஒயர்லெஸ் செட் இரண்டு, கோப்புகள் இத்தனை என்று எல்லாம் இருந்தது. அவர் தலைக்குள் இருந்ததை எந்தப் பட்டியலில் எழுதி ஒப்படைப்பது?

நவம்பரில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வந்தது. பெயர் வைக்கும் அளவுக்குக்கூட வளரவில்லை அது. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு மீனவர் குப்பத்து ஜனங்களைப் புயல் பாதுகாப்பு மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம், முந்நூறு பேர் இருப்பார்கள், கைக்குழந்தைகளோடு. கட்டடம் பூட்டியிருந்தது. சாவி தலைமையாசிரியரிடம் என்று லிஸ்டில் இருந்தது. போன் போட்டால் அவர் ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆகிவிட்டது, திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். சாவியைப் புதியவரிடம் கொடுத்ததாக ஞாபகம் என்றார். புதியவரின் நம்பர் எங்கள் லிஸ்டில் இல்லை. அந்த லிஸ்ட் போன வருஷத்து லிஸ்ட், தேதியை மட்டும் மாற்றி மேலே அனுப்பியிருந்தார்கள். முக்கால் மணி நேரம் அத்தனை பேரும் தாழ்வாரத்தில் நனைந்துகொண்டு நின்றார்கள். கடைசியில் தலையாரி ஒரு கடப்பாரையைக் கொண்டுவந்து பூட்டை உடைத்தார். உயிர்ச்சேதம் இல்லை, அதனால் அது செய்தியும் ஆகவில்லை. பத்து நாள் கழித்து, அரசுக் கட்டடத்துக்குச் சேதம் விளைவித்தது ஏன் என்று விளக்கம் கேட்டுத் தலையாரிக்கு ஒரு மெமோ வந்தது. அதற்குப் பதில் எழுதிக் கொடுத்தது நான்தான். என் சர்வீஸில் நான் ரசித்து எழுதிய கடிதங்களில் அது ஒன்று.

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஹவாயி தீவுகளில் மாவி கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) லஹைனா ஊர் எரிந்ததைப் படித்தபோதுதான் அந்த எண்ணம் போனது. ஆகஸ்ட் 8ஆம் தேதி பிடித்த தீயில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தத் தீவில் எண்பது எச்சரிக்கைச் சங்குகள் இருக்கின்றன, ஒன்றுகூட ஊதவில்லை. கவுண்டியின் அவசரகால மேலாண்மை நிர்வாகி ஹெர்மன் ஆண்டாயா அன்று பக்கத்துத் தீவான ஓவாஹுவில் ஒரு பயிற்சிக் கூட்டத்தில் இருந்தார். என்ன பயிற்சி? பேரிடர் ஆயத்தம். சங்கை ஏன் ஊதவில்லை என்று கேட்டபோது, சங்கு என்றாலே ஜனங்கள் சுனாமி என்று நினைத்து மலைப்பக்கம் ஓடுவார்கள், தீ அங்கேதான் இருந்தது என்றார். யோசித்துப் பார்த்தால் அந்தப் பதிலில் கொஞ்சம் நியாயம்கூட இருக்கிறது. ஆனால் அதைச் சொல்வதற்கு அவருக்கு என்ன தகுதி என்று அடுத்த கேள்வி வந்தது. 2017இல் அந்தப் பதவிக்கு வருவதற்கு முன் அவர் மேயர் அலுவலகத்தில் தலைமை அதிகாரி, அதற்கு முன்னால் வீட்டுவசதித் துறையில் இருந்தவர். முழுநேர வேலையாகப் பேரிடரைப் பார்த்த ஆள் கிடையாது. வருத்தப்படவில்லை என்று சொன்ன மறுநாளே உடல்நிலையைக் காரணம் காட்டி ராஜினாமா செய்தார். அதன் பிறகு தற்காலிகமாக யாரைப் போட்டார்கள் தெரியுமா? இன்னொரு கவுண்டியில் தீயணைப்புத் தலைவராகவும் பேரிடர்த் துறைத் தலைவராகவும் இருந்து பழுத்தவரை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம், ஆங்கிலத்திலும் அதே நமஸ்காரம்தான்.

டெக்ஸஸில் கெர் கவுண்டி கதை வேறு மாதிரி. 2025 ஜூலை 4 விடிகாலையில் குவாடலூப்பே ஆறு பெருக்கெடுத்து, கோடைக்கால முகாமில் இருந்த சிறுமிகள் உட்பட அந்த ஒரு கவுண்டியிலேயே நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். அங்கே கவுண்டி நீதிபதி என்பவர்தான் சட்டப்படி பேரிடர் தலைவர், நம் கலெக்டர் மாதிரி, அவருக்குக் கீழே ஒருங்கிணைப்பாளர் ஒருவர். பிற்பாடு நடந்த விசாரணையில் நீதிபதி அன்று ஊரில் இல்லை என்றும், ஒருங்கிணைப்பாளர் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார் என்றும் அவர்களே சொன்னார்கள். மனிதனுக்குக் காய்ச்சல் வரத்தான் செய்யும், அதில் என்ன குற்றம்? அன்று ராத்திரி அவர் இடத்தில் விழித்திருக்க வேண்டிய இரண்டாவது ஆள் யார் என்பதுதான் எனக்குப் பட்ட கேள்வி. நம் மாவட்டங்களிலும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், 1077க்குப் போன் செய்தால் கட்டுப்பாட்டு அறையில் யாரோ எடுப்பார்கள், நிச்சயம் எடுப்பார்கள். எடுத்தவர் ராத்திரி இரண்டு மணிக்குக் கலெக்டர் பங்களாவுக்குப் போன் போட்டு எழுப்பத் துணிவாரா? எனக்குத் தெரிந்து பாதிப்பேர் பங்களா சேவகரான டவாலியிடம் சொல்லிவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்து உதாரணமும் நம்மிடம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பின் அங்கே கலெக்டராக அனுப்பப்பட்டவர் ஜெ. ராதாகிருஷ்ணன். அப்போது பக்கத்துத் தஞ்சாவூரில் கலெக்டர். அதே வருஷம் ஜூலை 16ஆம் தேதி கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் இறந்தபோது அந்த மாவட்டத்தை நடத்தியவர் அவர். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு நடுவில் நின்று பழகிய ஆளை, இன்னும் பெரிய சாவு விழுந்த இடத்துக்கு அனுப்பினார்கள். சம்பவம் நடந்த பிறகு போட்ட போஸ்டிங்தான், இருந்தாலும் ஆளைப் பார்த்துப் போட்ட போஸ்டிங். இப்போதும் புயல் சின்னம் உருவானால் அந்த மாவட்டத்தில் ஏற்கெனவே வேலை பார்த்த மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரிகளைக் கண்காணிப்பு அலுவலராக அனுப்புகிறார்களே, அந்த வழக்கம் எனக்குப் பிடிக்கும். ஒரே சிக்கல், அவர் காரை விட்டு இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி "லிஸ்ட் எங்கே?" என்பது. லிஸ்ட் போன வருஷத்தது என்றால் எந்த மூத்த அதிகாரி வந்து என்ன செய்வார்? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அந்த மாதிரி மழைக்கு எந்த லிஸ்ட்டும் முழுசாகப் போதாதுதான். ஆனாலும் படகு யாரிடம் இருக்கிறது என்று அன்றைக்குத் தேட ஆரம்பிக்கக் கூடாது.

வெளியிலிருந்து படித்தவர்களைக் கொண்டுவந்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். பேரிடர் மேலாண்மையில் முதுகலை படித்த ஒரு பெண் ஒப்பந்த அடிப்படையில் எங்கள் ஆபீஸில் இருந்தார். அவர் போட்டுக் கொடுத்த வெள்ள வரைபடத்தைப் போல நான் அதற்கு முன் பார்த்ததில்லை, எந்த மதகு அடைத்தால் எந்தத் தெரு மூழ்கும் என்று நிறம் நிறமாக. ஆனால் அவர் போன் செய்தால் வி.ஏ.ஓ. எடுக்கமாட்டார். கோப்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லாதவர் கூப்பிட்டால் நம் ஆட்களுக்குக் காது கேட்காது, இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒன்றரை வருஷத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். வரைபடம் இன்னும் சுவரில் தொங்குகிறது என்று கேள்வி. அந்த அறிவும் வேண்டும், கடலோரப் பிர்காவில், அதாவது சில கிராமங்கள் சேர்ந்த வட்டத்தில், வருவாய் ஆய்வாளராக (ஆர்.ஐ.) மிதித்த காலும் வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் கிடைக்காது, அதனால் இரண்டு பேராகப் போடுங்கள் என்று ஒரு முறை கூட்டத்தில் சொன்னேன். நிதியில்லை என்றார்கள்.

என்னைக் கேட்டால் அந்த நாற்காலிக்கு ஏப்ரலிலேயே ஆளைப் போட்டுவிட வேண்டும், இரண்டு பருவமழை முடியும்வரை யாரும் தொடக்கூடாது, தேர்தல் கமிஷன் மாறுதல் காலத்தில் தாசில்தார்களைப் பிடித்துப் பந்தாடும்போதுகூட. மின்வாரியத்துக்காரர், நீர்வளத்துறைக்காரர், மீன்வளத்துறைக்காரர் மூவரையும் ஒரு டீக்கடையில் உட்காரவைத்துப் பேசக்கூடிய ஆளாக இருக்க வேண்டும், ஏனென்றால் கூட்ட அரங்கில் அவர்கள் ஒருவரையொருவர் குற்றம் சொல்வதோடு சரி. பயப்படாமல் கலெக்டரைத் தூக்கத்தில் எழுப்புகிறவராகவும் இருக்க வேண்டும். இதையெல்லாம் சர்வீஸ் ரிஜிஸ்டரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நாலு தலையாரிகளிடம் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள்.

போன் செய்த தம்பிக்கு இந்தக் குணமெல்லாம் உண்டு, அதனால்தான் வாழ்த்துச் சொன்னேன். ஆறு வருஷம் கடலோரத்தில் வி.ஏ.ஓ.வாக இருந்து மேலே வந்தவர். சமாதானம் ஆன பிறகு, "முதல்ல என்ன சார் செய்யணும்?" என்று கேட்டார். ஃபைலை அப்புறம் பார்க்கலாம், நாளைக் காலையில் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு புயல் மையமாகப் போய் சாவி யார் கையில் இருக்கிறது என்று பார் என்றேன். பத்து நாளில் மறுபடி கூப்பிட்டார். எல்லா இடத்திலும் சாவி இருக்கிறதாம், ஒரே ஒரு மையத்தைத் தவிர. அந்தக் கட்டடம் எந்தத் துறை கணக்கில் வருகிறது என்றே யாருக்கும் தெரியவில்லையாம். பூட்டை உடைக்க யார் அனுமதி தருவது என்று கேட்டுக் கோப்பு எழுதி மேலே அனுப்பியிருக்கிறார். கடப்பாரை வைத்திருக்கும் தலையாரியின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டாராம்.