பதினாறின் அரை அடுக்கு எட்டு இல்லை

போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். 16^(1/2) எவ்வளவு? பதினோரு பேரில் ஏழு பேர் 8 என்று எழுதியிருந்தார்கள். (அடுக்கை இங்கே ^ போட்டே எழுதுகிறேன், பின்னத்தைப் பொடி எழுத்தில் மேலே ஏற்றினால் போனில் பார்க்கிறவர்களுக்குக் கண்ணுக்கே தெரியாது.)

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் நடக்கிற சாயங்கால டியூஷன் அது. சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு நேராக வருகிற பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளும் 8 என்றுதான் எழுதியிருந்தாள். "அரைன்னா பாதி தானே அக்கா, பதினாறுல பாதி எட்டு" என்றாள். அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. அரை என்றால் பாதிதான். எதில் பாதி என்பதில்தான் எல்லாமே இருக்கிறது, அதைப் பாடம் நடத்தும்போது யாரும் நின்று சொல்வதில்லை, சூத்திரத்தைப் போர்டில் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம்.

நான் இப்படிச் சொல்லிப் பார்த்தேன். 1-இல் நிற்கிறாய். 16-க்குப் போகவேண்டும், ஆனால் கூட்டிப் போகக்கூடாது, பெருக்கித்தான் போகலாம். ஒரே தாவலில் போனால் 16-ஆல் பெருக்கவேண்டும். அதையே இரண்டு சமமான தாவலாகப் போகணும் என்றால் ஒவ்வொரு தாவலும் எவ்வளவு? 8 என்று வைத்தால் முதல் தாவலில் 8, இரண்டாவதில் 64, ஊரைத் தாண்டிப் போய்விட்டோம். 4 என்று வைத்தால் 1, 4, 16, சரியாக வந்து இறங்குகிறோம். ஆக, பாதி வழி என்பது 4. அடுக்கில் இருக்கிற அரை, எண்ணைப் பாதியாக்குவதில்லை, பெருக்குகிற வேலையைப் பாதியாக்குகிறது.

இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். 8-க்கு மூன்று சமமான தாவலில் போனால் ஒவ்வொன்றும் 2, அதனால் 8^(1/3) = 2. அந்த மூன்றில் இரண்டு தாவல் மட்டும் போனால் 4-இல் நிற்போம், அதனால் 8^(2/3) = 4. அடுக்கில் கழித்தல் குறி இருந்தால்? பின்பக்கமாகத் தாவுகிறோம், அதாவது பெருக்குவதற்குப் பதில் வகுக்கிறோம். 27-க்கு மூன்று தாவல் என்றால் ஒவ்வொன்றும் 3, 1-இலிருந்து இரண்டு தாவல் பின்னால் வந்தால் 1/3, அப்புறம் 1/9. எனவே 27^(-2/3) = 1/9. இதற்கு -9 என்று எழுதுகிற பிள்ளைகள் நிறைய, பின்னால் நடந்தால் எண் சிறிதாகுமே தவிர பூஜ்ஜியத்தைத் தாண்டாது என்று காட்டியதும் அந்தத் தப்பு நின்றுபோனது.

இதை யாரோ உட்கார்ந்து தன் இஷ்டத்துக்கு வைத்த விதி என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், நானும் படித்த காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். 5² × 5³ = 5⁵ என்று அடுக்குகளைக் கூட்டுகிறோம் இல்லையா, அந்த விதி பின்னத்துக்கும் நிற்கவேண்டும் என்று மட்டும் கேட்டால் போதும். 5^(1/2) × 5^(1/2) என்பது 5^1, அதாவது 5. தன்னைத் தானே பெருக்கி 5 தருகிற மிகை எண் எது? √5. வேறு வழியே இல்லை.

சரி, மூலக்குறிக்கும் பின்ன அடுக்குக்கும் மாறி மாறிப் போவது எப்படி? பின்னத்தின் கீழே இருக்கிற பகுதி எத்தனையாவது மூலம் என்று சொல்கிறது, மேலே இருக்கிற தொகுதி எத்தனை அடுக்கு என்று சொல்கிறது. மேல் எது கீழ் எது என்று குழம்புகிறவர்களுக்கு நம் மொழியிலேயே விடை இருக்கிறது. மூலம் என்றாலே வேர். வேர் எங்கே இருக்கும்? மண்ணுக்குக் கீழே. பின்னத்தில் கோட்டுக்குக் கீழே. 499-இல் ஆரியபட்டர் வர்க்கமூலம், கனமூலம் இரண்டையும் கண்டுபிடிக்கிற முறையை எழுதியபோது பயன்படுத்திய அதே சொல்தான் இன்றைக்கும் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம்.

பால் ஊற்றுகிற அந்தப் பெண்ணுக்காகவே அடுத்த கணக்கை எடுத்தேன். அவள் வீட்டு மாடு 400 கிலோ, ஆடு 25 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மாடு ஆட்டைப்போல 16 மடங்கு எடை. சும்மா படுத்திருக்கும்போதே உயிர் ஓட உடம்புக்குக் கொஞ்சம் சக்தி வேண்டும் இல்லையா, அது மாட்டுக்கு எத்தனை மடங்கு வேண்டும்? எல்லோரும் 16 என்றார்கள். மாக்ஸ் கிளைபர் என்பவர் 1932-இல் வெவ்வேறு எடையுள்ள விலங்குகளின் அளவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, அந்தச் சக்தி எடையோடு நேராக ஏறுவதில்லை, எடையின் 3/4 அடுக்கோடுதான் ஏறுகிறது என்று எழுதினார். கால்நடைத் தீவனக் கணக்குப் போடுகிறவர்கள் இன்றைக்கும் எடையை 0.75 அடுக்குக்கு ஏற்றித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். (மாட்டுக்கு மாடு கொஞ்சம் மாறும், கறவை மாடு என்றால் பாலுக்கான தீனி தனி. இது படுத்திருக்கிற மாட்டின் கணக்கு.)

அப்போது 16^(3/4) வேண்டும். ஒரு பையன் 16³ என்று ஆரம்பித்து 4096 வரை போய், அதற்கு நான்காம் மூலம் எப்படி எடுப்பது என்று தெரியாமல் பேனாவை வைத்துவிட்டான். தப்பே இல்லை, எந்த வரிசையில் செய்தாலும் விடை ஒன்றுதான், ஆனால் முதலில் வேரைப் பிடுங்கிவிட்டால் கையில் இருப்பது சின்ன எண். ⁴√16 = 2, அப்புறம் 2³ = 8. எடை 16 மடங்கு, தேவை 8 மடங்குதான். "அப்போ ஒரு மாடும் எட்டு ஆடும் ஒண்ணா அக்கா?" என்று அவள் கேட்டபோது தாழ்வாரமே அமைதியாகிவிட்டது. தேவையில் ஒன்றுதான் கண்ணு, எடையில் எட்டு ஆடு பாதி மாடுதான் என்றேன்.

தசமத்தில் அடுக்கு வந்தாலும் பயப்பட வேண்டாம், பின்னமாக மாற்றிவிட்டால் மூலக்குறி தெரிந்துவிடும். 1.5 என்றால் 3/2, வர்க்கமூலம் எடுத்து மூன்றால் அடுக்கு. 1619-இல் கெப்ளர் வெளியிட்ட விதி இதுதான்: சூரியனிலிருந்து பூமி இருக்கிற தூரத்தை 1 என்று வைத்தால், ஒரு கோளின் தூரத்தை 3/2 அடுக்குக்கு ஏற்றினால் அது சூரியனைச் சுற்ற எத்தனை ஆண்டு என்று கிடைக்கும். சனி 9.54 மடங்கு தூரம். √9.54 ஏறக்குறைய 3.09, அதன் கனம் சுமார் 29.5. பன்னிரண்டு ராசிக்குக் கிட்டத்தட்ட முப்பது ஆண்டு, ஒரு ராசிக்கு இரண்டரை, மூன்று ராசிக்கு ஏழரை. ஏழரைச் சனி என்று வீட்டில் சொல்கிற அந்த ஏழரை எங்கிருந்து வருகிறது என்று கணக்கு நோட்டிலேயே போட்டுப் பார்த்தோம். குருவுக்கு 5.2, நீங்களே போட்டுப் பாருங்கள், பன்னிரண்டுக்குப் பக்கத்தில் வரும்.

எதற்கு மூலக்குறியை விட்டுவிட்டு அடுக்குக்கு மாறவேண்டும் என்று கேட்டால், √2 × ³√4 போன்ற கணக்குக்காக. ஒன்று வர்க்கமூலம், இன்னொன்று கனமூலம், இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது. அடுக்காக்கினால் 2^(1/2) × 2^(2/3), கூட்டினால் 2^(7/6). ஏழில் ஆறு ஒரு முழு 2-ஆக வெளியே வந்துவிடும், மீதி ⁶√2, ஆக விடை 2 × ⁶√2. முடிந்தது. பெருக்கலுக்குத்தான் இந்தச் சலுகை, கூட்டலுக்குக் கிடையாது: √(9+16) என்பது 5, 3+4 என்று பிரித்து 7 போடக்கூடாது.

நன்றாகப் படிக்கிற ஒரு பையன் வேறொன்றைக் கேட்டான். (-8)^(1/3) = -2. ஆனால் 1/3-உம் 2/6-உம் ஒன்றுதானே, (-8)² = 64, அதன் ஆறாம் மூலம் 2. எது சரி? இந்தக் கேள்விக்காகவே அவனுக்கு நூற்றுக்கு நூறு போடலாம். பின்ன அடுக்கு விதிகளைச் சொல்லும்போது அடிமானம், அதாவது அடுக்குக்குக் கீழே நிற்கிற எண், மிகை எண்ணாக இருக்கவேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பது இதற்காகத்தான். குறை எண்ணை வைத்துக்கொண்டு பின்னத்தை இஷ்டத்துக்குச் சுருக்கினால் குறியே மாறிவிடும்.

நேற்று அந்தப் பெண் தானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். கேழ்வரகுக் கொல்லைக்கு யானை வந்துபோன பேச்சு ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் யானை 4,000 கிலோ, மாடு 400 கிலோ. பத்து மடங்கு, 10^(3/4). இந்தத் தடவை வேரை முதலில் பிடுங்கினால் ஒன்றும் வராது என்று அவளே கண்டுபிடித்து, அடுக்கை முதலில் ஏற்றி ⁴√1000 என்று எழுதியிருந்தாள். எவ்வளவு வரும் என்று கேட்டேன். நோட்டின் ஓரத்தில் 5-இன் நான்காம் அடுக்கு 625, 6-இன் நான்காம் அடுக்கு 1296 என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். "அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல அக்கா, ஆறு மாடு கட்டினா யானைக்கு மேலயே தீனி போகும்" என்றாள்.